மலேசியாவின் தெலுக் இந்தானில் நடந்தே பார்க்க என்ன இருக்கிறது?

லயத்துப்பெண்:
பள்ளி விடுமுறைக்கு மகளோடு தெலுக் இந்தான் போகிறேன். தாத்தா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மரம் சீவிப் பால் எடுத்தவர். சாய்ந்த கோபுரத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப மனமில்லை, அந்த ஊரில் யார் யாரெல்லாம் வாழ்ந்தார்கள் என்று நடந்தே காட்டணும். எங்கே தொடங்கலாம்?

கித்தாக்காடு:
கோபுரத்திலேயே தொடங்குங்க அக்கா. 1885-ல் லியோங் சூன் சோங் என்ற சீனர் கட்டியது. வெளியே எட்டு மாடி மாதிரி தெரியும், உள்ளே மூன்றுதான், மேலே ஊருக்கான தண்ணீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். அப்புறம் நகரத்தார் தண்டாயுதபாணி கோயில். செட்டியார்கள் வட்டிக்கடை நடத்திய காலத்தை அங்கே நின்று சொல்லுங்க. சித்ரா பௌர்ணமிக்குப் போனால் இன்னும் நல்லது, ஊரே திரளும்.

ஆற்றங்கரை:
பேராக் ஆற்றங்கரையை விட்டுடாதீங்க. 1893-ல் தாப்பா ரோட்டிலிருந்து ரயில் வந்து சேர்ந்த துறைமுகம் இது, வெள்ளீயம் இங்கேதான் கப்பல் ஏறியது. இப்போது ரயில் இல்லை. 1982-ல் பெயர் மாறியும் பெரியவர்கள் தெலுக் ஆன்சன் என்றே சொல்வார்கள். நேரமிருந்தால் ஜெண்டராத்தா பக்கமும் போங்க, டென்மார்க்காரர்கள் 1906-ல் தொடங்கிய தோட்டம்.

லயத்துப்பெண்:
நன்றி தம்பிகளா. தாத்தாவின் பால்வெட்டுக் கத்தி வீட்டில் இருக்கிறது, கைப்பிடியில் அவர் விரல் பட்ட இடம் மட்டும் பள்ளமாகத் தேய்ந்திருக்கும். கிளம்புவதற்கு முன்னால் அதை மகள் கையில் கொடுக்கப் போகிறேன்.