தன் நிறத்தை விரும்பாத குழந்தைக்கு எந்தப் படக்கதைகளை வாசிக்கலாம்?

கேள்வி (ஒரு தாய்):
அனைவருக்கும் வணக்கம். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மாநிறத்தைவிடச் சற்றுக் கறுத்தவள். படம் வரையும்போது, தன்னையும் சேர்த்து எல்லோருக்கும் வெளிர் ஆரஞ்சுக் கிரேயானையே தீட்டுகிறாள்; அதுதான் ‘ஸ்கின் கலர்’ என்று வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிறார்களாம். இளவரசிகள் வரும் படக்கதை என்றால் அவளுக்கு உயிர். அந்தக் கதைகளைக் கொண்டே அவள் தன் நிறத்தை விரும்பும்படி செய்ய முடியுமா? ‘அசிங்கமான வாத்துக்குஞ்சு’ கதையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பதில் 1 (தொடக்கப் பள்ளி ஆசிரியர்):
உங்கள் தயக்கம் நியாயமானதே. 1843-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் வெளியிட்ட அந்தக் கதையில், குஞ்சு வெள்ளை அன்னமாக வளர்ந்த பிறகுதான் அதன் துயரம் தீர்கிறது. அதைக் கேட்கும் கறுத்த பிள்ளை, ‘பெரியவளானால் நானும் வெளுத்துவிடுவேன்’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். வாசிப்பதானால், பண்ணைப் பறவைகள் குஞ்சைக் கொத்தி விரட்டும் படத்தில் நிறுத்தி, “இதனிடம் என்ன குறை?” என்று கேளுங்கள், விடையை அவளே தேடட்டும். அவருடைய 1838-ஆம் ஆண்டுத் தகரச் சிப்பாய் கதை இதைவிடப் பொருத்தமானது என்பது என் கருத்து. தகரம் போதாமல் ஒற்றைக் காலோடு வார்க்கப்பட்ட அந்தப் பொம்மை, இரண்டு கால் உள்ள மற்றச் சிப்பாய்களைப் போலவே உறுதியாக நிற்கிறது. கதை முடியும்வரை அதற்கு இன்னொரு கால் முளைப்பதில்லை. ஆனால் இறுதியில் சிப்பாய் நெருப்பில் உருகிவிடுவதால், உறங்கப் போகும் நேரத்தில் அதை வாசிக்க வேண்டாம்.

பதில் 2 (சிறுவர் நூல்களுக்குப் படம் வரைபவர்):
கதையைவிடப் படமே இந்த வயதில் ஆழமாகப் பதியும். கிரிம் சகோதரர்களின் பிற்காலப் பதிப்பில், சிண்ட்ரெல்லாவின் மாற்றாந்தாய் மகள்களுக்குத்தான் ‘வெள்ளை முகம்’ உண்டு. சிண்ட்ரெல்லாவின் நிறத்தைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவளை வெளுப்பாக வரைந்தது ஓவியர்களின் வழக்கமே. (அதே வரியில் அம்மகள்களின் உள்ளம் ‘கறுப்பு’ என்று வருகிறது, உரக்க வாசிக்கும்போது அதைத் தயங்காமல் ‘கெட்ட உள்ளம்’ என்று மாற்றிவிடுங்கள்.) ஜான் ஸ்டெப்டோ 1987-இல் எழுதி வரைந்த ‘முஃபாரோவின் அழகிய மகள்கள்’ கிடைத்தால் அவசியம் வாங்குங்கள். அதில் அக்காள், தங்கை இருவருமே கறுப்பழகிகள்; அரசனின் மனத்தைத் தங்கை வெல்வது தோட்டத்துப் பாம்பிடமும் பசித்த சிறுவனிடமும் காட்டும் அன்பினால்தான். நீங்கள் சொன்ன கிரேயான் பழக்கமும் பழையதே. அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் ‘தசை நிறம்’ என்று விற்ற வண்ணத்தின் பெயரை 1962-இலேயே ‘பீச்’ என்று மாற்றிவிட்டது. பழுப்பில் நான்கைந்து வகைக் கிரேயான்களை வாங்கி, அவற்றை அவள் கையருகே வைத்துப் பார்த்து, தனக்குரியதை அவளே தேர்ந்தெடுக்க விடுங்கள்.

பதில் 3 (ஒரு பாட்டி):
அம்மா, ஒன்று மட்டும் சொல்கிறேன். படக்கதையை மூடிவைத்த கையோடு “வெயிலில் விளையாடாதே, கறுத்துப் போவாய்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், வாசித்ததெல்லாம் வீணாகிவிடும். அந்தப் பேச்சை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கதை முடிந்ததும் நீதி கேட்காமல், பிடித்த பக்கத்தை மறுபடியும் புரட்டிப் பார்க்க விட்டால் போதும்.