மூக்குக் குழாய் அடிக்கடி அடைக்கிறது, வீட்டில் என்ன செய்யலாம்?

வெள்ளவத்தை மகள்:
அம்மாவுக்குப் பாரிசவாதம். விழுங்க ஏலாததால் மூக்கால் குழாய் போட்டு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா 200 மில்லி. ஒரு கிழமைக்குள் ரெண்டு தரம் அடைத்துவிட்டது. காலையில் ஐந்து குளிசையையும் ஒன்றாக இடித்துத்தான் விடுகிறோம். நேற்று குரக்கன் கஞ்சி விடும்போது இருமினா. இருமினால் தொடரலாமா?

வார்ட் தாதி:
முதலில் இருமலைக் கவனியுங்கோ, அடைப்பு பிறகு. இருமினால் அந்த இடத்திலேயே நிறுத்த வேணும். குழாய் இடம் மாறியிருக்கலாம், சாப்பாடு மேலே வந்து நுரையீரலுக்குள் போகலாம். மூக்கு வாசலில் போட்ட அடையாளம் நகர்ந்திருக்கிறதா, வாய்க்குள் குழாய் சுருண்டு கிடக்கிறதா என்று பாருங்கோ. சிரிஞ்சால் வயிற்று நீரைக் கொஞ்சம் இழுத்து, புளிப்பு அளவைக் காட்டும் பிஎச் தாளில் விட்டால் 5.5 அல்லது அதற்குக் கீழே காட்ட வேணும். காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்டால் சரி என்பதை நம்பாதீங்கோ, குழாய் பிழையான இடத்தில் இருந்தாலும் சத்தம் வரும். சந்தேகம் என்றால் ஒரு சொட்டும் விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கோ. மூச்சு வாங்கினால், உதடு நீலமானால் 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கோ.

தலையணையைத் தலைக்குக் கீழே மட்டும் அடுக்கினால் கழுத்துத்தான் மடியும். முதுகோடு சேர்த்து 30 முதல் 45 பாகை நிமிர்த்துங்கோ, கொடுத்த பிறகும் ஒரு மணித்தியாலம் அப்படியே. சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, தானாக இறங்க விடுங்கோ. தள்ள வேண்டாம்.

பாமசிக்காரர்:
அடைப்புக்கு அநேகமாக அந்த ஐந்து குளிசையும்தான் காரணம். ஒவ்வொன்றையும் தனித்தனியாக மா போல நுணுக்கி, 10–15 மில்லி கொதித்தாறிய நீரில் கரைத்து விடுங்கள். இடையிடையே 10 மில்லி தண்ணீர், முடிவில் 30. சாப்பாட்டோடு கலக்கவே கூடாது. சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: அடியில் வெள்ளை மண்டி நின்றால், அதுதான் குழாய்க்குள்ளும் ஒட்டுகிறது.

பெயருக்குப் பின்னால் எஸ்ஆர் என்றிருக்கும் குளிசையை, உதாரணமாக நிபெடிபின் எஸ்ஆர், இடிக்காதீர்கள். நாள் முழுக்க மெல்ல வெளிவர வேண்டியது ஒரேயடியாக இறங்கி பிரஷரை விழுத்திவிடும். ஒமெப்ரசோல் கப்சூலுக்குள் இருக்கும் மணிகளையும் நசுக்க வேண்டாம். கிளினிக் கொப்பியோடு குளிசை மட்டைகளையும் எடுத்துக்கொண்டுபோய் வைத்தியரிடம் மாற்று மருந்து கேளுங்கள்.

குரக்கன் கஞ்சி ஆற ஆறத் தடிக்கும், மெல்லிய துணியில் வடித்தாலும் ஒட்டும். அதைக் குழாயில் கொடுக்க வேண்டாம்.

அடைத்தால் 50 மில்லி சிரிஞ்சில் இளஞ்சூட்டு நீர் எடுத்து, மெல்லத் தள்ளி இழுத்து, சில நிமிடம் பொறுத்துத் திரும்பவும் செய்யுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் அதிகம், குழாயே வெடிக்கும். கம்பி விடுவது ஆபத்து. கோலா ஊற்றச் சொல்வார்கள், வேண்டாம். அதன் புளிப்பில் பால்மா திரளும்.

வார்ட் தாதி:
இன்னொன்று, தங்கச்சி. வாயால் சாப்பிடாதவர்களுக்குத்தான் வாய் கூடுதலாக அழுக்காகும், அந்தக் கிருமி நெஞ்சுக்குள் இறங்கும். மெல்லிய பிரஷால் ரெண்டு நேரம் துலக்கி, ஈரத் துணியால் துடைத்துவிடுங்கோ. மூக்கில் ஒட்டும் பிளாஸ்டரைத் தினமும் மாற்றி, குழாய் அழுத்தும் இடம் சிவந்திருக்கிறதா பாருங்கோ. குழாயில் கை வைக்கிற ஒவ்வொரு தரமும், என்ன செய்யப்போகிறீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கோ. பேச முடியாவிட்டாலும் விளங்கும்.