சின்ன ஊர்க் காதல் நாவல்கள்: உங்கள் கைக்கு எப்படி வந்தன?

புளியமரத்து ஸ்டாப்

நான் வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊர். டியூஷன் முடிந்து பஸ் ஸ்டாண்டில் யாரோடாவது ரெண்டு வார்த்தை நின்று பேசினால் போதும், நான் வீட்டுப் படி ஏறுவதற்குள் சித்தப்பாவுக்குச் சேதி போயிருக்கும். அந்த ஊரை விட்டுக் கிளம்பத்தான் விழுந்து விழுந்து படித்தேன். இப்போது புனேயில் அடுக்குமாடி வீடு. எதிர் ஃபிளாட்டில் இருப்பவர் பேர்கூடத் தெரியாது. ரொம்ப நிம்மதி.

அப்படிப்பட்டவள் ராத்திரி வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து வாசிப்பது என்ன தெரியுமா? அமெரிக்கச் சின்ன ஊர்க் காதல் நாவல்கள். கிலோ கணக்கில் பழைய புத்தகம் விற்கும் இடத்தில் சிக்கியது டெபி மெக்கோம்பரின் 'சீடர் கோவ்' வரிசையில் முதல் நாவல், 2001இல் வந்தது. காதல் கதை என்று திறந்தால் நீதிமன்றம். குழந்தையைப் பறிகொடுத்த இளம் ஜோடி விவாகரத்து கேட்டு நிற்கிறது; நீதிபதியம்மா தர முடியாது என்கிறார். அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர் அதை அப்படியே எழுதிவிடுகிறார். அப்புறம் ஊர் முழுக்க அதே பேச்சு.

எங்கள் ஊரில் இது நடந்தால் அந்தப் பெண் தெருவில் இறங்க முடியாது. புத்தகத்தில் மட்டும் அடுத்த பக்கத்தில் யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று எனக்கு ஆவலாக இருக்கிறது. ஊர் வாய்க்குப் பயந்து ஓடி வந்தவளுக்கே ஏன் இப்படி? உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

நைட் டூட்டி

நாகர்கோவில்காரி, நர்ஸ். இங்கே அமெரிக்காவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. பிரேக் ரூமில் யாரோ வைத்துவிட்டுப் போன புத்தகம்தான் எனக்கு வாசல்: ராபின் கார் எழுதிய 'விர்ஜின் ரிவர்'. 2007இல் வந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2019இல் தொடராக எடுத்தது, நிறையப் பேர் அதைப் பார்த்திருப்பீர்கள். புத்தகம் தொடரைவிடக் கொஞ்சம் கரடுமுரடு. கஞ்சா பயிரிடுகிறவர்கள் எல்லாம் வருவார்கள், கஞ்சாவுக்குப் பேர்போன கலிஃபோர்னியாவின் ஹம்போல்ட் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) ஆச்சே.

கதாநாயகி மெல், லாஸ் ஏஞ்சலஸில் நர்ஸாகவும் பிரசவம் பார்ப்பவளாகவும் இருந்தவள். புருஷன் இறந்த துக்கத்தில் மலையூர் வேலைக்கு வருகிறாள். தங்கத் தருவதாகச் சொன்ன மரவீடு குப்பைக்காடு. கிழட்டு டாக்டர், "உன்னை யார் கூப்பிட்டது?" என்கிற மாதிரி பார்க்கிறார். விடிந்ததும் கிளம்பிவிடலாம் என்று இருக்கிறாள். டாக்டர் வீட்டு வாசலில் யாரோ ஒரு பச்சைக் குழந்தையைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான், தங்கிவிடுகிறாள்.

எல்லோரும் பார் நடத்தும் ஜாக்கைப் பற்றித்தான் பேசுவார்கள். மரைன் படையில் இருந்தவன், அகலத் தோள், சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது ஜாக்கால் இல்லை. நான் வந்தபோது எங்கள் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு இருந்தது. பிறகு மூடிவிட்டார்கள். இப்போது இடுப்புவலி எடுத்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்ட வேண்டும், பனி கொட்டினால் இன்னும் மேல். எங்கள் ஊர் மட்டும் இல்லை. 2010க்குப் பிறகு இந்த நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்ப்புற ஆஸ்பத்திரிகள் மூடியிருக்கின்றன. ஊர்ப்புறக் கவுண்டிகளில் பாதிக்கு மேல் பிரசவம் பார்க்கும் ஆஸ்பத்திரியே கிடையாது.

அந்த நேரத்தில் இந்தப் புத்தகத்தை வாசித்தால் எப்படி இருக்கும்! நடுராத்திரி கதவைத் தட்டினால் திறக்கிறார்கள். மெல் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். ஜாக் வண்டி எடுக்கிறான். 'ஃபேன்டஸி' என்று இந்த நாவல்களைக் கேலி செய்வார்கள். எனக்கு அதில் ஃபேன்டஸியாகப் பட்டது கூப்பிட்ட குரலுக்கு ஆள் வருவதுதான்.

லெண்டிங் லைப்ரரி

நான் பழைய ஆள். மெட்ராஸில் கல்லூரி படித்தபோது ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரியில் மில்ஸ் அண்ட் பூன் காதல் நாவல்கள் எடுத்து, பேப்பர் அட்டை போட்டு அம்மா கண்ணில் படாமல் வாசித்த தலைமுறை. அதிலெல்லாம் நாயகன் கிரேக்கக் கப்பல் முதலாளி, இல்லாவிட்டால் இத்தாலியப் பணக்காரன். நாயகிக்கு அவனைத் தவிர யாரும் கிடையாது. தோழி வந்தாலும் ரெண்டு பக்கத்தில் காணாமல் போவாள். நம் மாத நாவல்களிலும் அப்படித்தானே? எஸ்டேட், ஃபாக்டரி, முறைத்துப் பார்க்கும் எம்.டி.

இந்தச் சின்ன ஊர் நாவல்களில் கணக்கே வேறு. நாயகியின் பக்கத்துக் கடைக்காரி, முடி வெட்டுகிறவள், நூலகத்தில் இருப்பவள், எல்லோருக்கும் சொந்தக் கதை உண்டு. இந்தப் புத்தகத்தில் காபி ஊற்றிக் கொடுத்தவள் அடுத்த புத்தகத்தில் நாயகி. வியாபார தந்திரம்தான், பதிப்பகத்துக்கு வரிசை ஓட வேண்டும். இருந்தாலும் ஒரு நன்மை உண்டு: போன கதையில் கல்யாணம் ஆனவர்கள் இந்தக் கதையில் பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்பிவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். சுபம் போட்ட பிறகு என்ன ஆனது என்று எந்தக் கப்பல் முதலாளியும் எனக்குக் காட்டியதில்லை.

சீடர் கோவில் நூலகக்காரி கிரேஸ் நினைவிருக்கிறதா? ஐம்பதைத் தாண்டியவள், புருஷன் திடீரென்று காணாமல் போய்விடுகிறான். ஐம்பது வயதுக்காரிக்கும் ஒரு காதல் கதை கிடைக்கும் என்பதற்காகவே நான் அந்த வரிசையை விடவில்லை.

கோடை மழை 98

எனக்கு எல்லாம் டிக்டாக், ரீல்ஸ் வழிதான். லூசி ஸ்கோர் 2022இல் எழுதிய நாவல், வர்ஜீனியாவில் 'நாக்கெமவுட்' என்று ஒரு கற்பனை ஊர். கல்யாணத்தன்று ஓடிவந்த நேயோமி, அவள் காரையே திருடிக்கொண்டு போகும் இரட்டைச் சகோதரி, அவள் விட்டுப் போன பெண் குழந்தை, தாடி வைத்த சிடுமூஞ்சி நாக்ஸ். தடிப் புத்தகம், ஆனால் ஓடிவிடும்.

லெண்டிங் லைப்ரரி மேடம், உங்கள் கப்பல் முதலாளி எங்கேயும் போகவில்லை. இந்த நாக்ஸ் பழைய சட்டை போட்டுக்கொண்டு சலூன் நடத்துவான். பார்த்தால் லாட்டரியில் கோடிக்கணக்கில் விழுந்திருக்கும்! வேஷத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். 😂

ஃபெர்ரிக்காரி

சியாட்டலில் இருக்கிறேன். சீடர் கோவ் நிஜத்தில் எங்கே என்று தேடினால் போர்ட் ஆர்ச்சர்ட் என்று வரும். மெக்கோம்பரின் சொந்த ஊராகிவிட்ட இடம், அதைப் பார்த்துத்தான் எழுதினார். போய்விட்டு வந்தேன்.

சியாட்டலிலிருந்து பெரிய ஃபெர்ரியில் ஒரு மணி நேரம், பிரெமர்டன். அங்கிருந்து எதிர்க்கரைக்கு ஆட்கள் மட்டும் போகும் சின்னப் படகு. எனக்கு வாய்த்தது 'கார்லைல் டூ' என்ற 1917ஆம் ஆண்டுப் படகு, நான் போனபோதும் ஓடிக்கொண்டிருந்தது. இறங்கினால் பே ஸ்ட்ரீட். மழை அதிகம் என்பதால் நடைபாதைக்கு மேலே கூரை போட்டிருப்பார்கள். பழைய சாமான் விற்கும் கடைகள் வரிசையாக. ஒரு கடையில் இருந்த பாட்டியம்மா, "நீயும் புத்தகம் படித்துவிட்டு வந்தவளா?" என்று எடுத்தவுடனே கேட்டார். 2009இல் 'சீடர் கோவ் டேஸ்' என்று விழாவே எடுத்திருக்கிறார்கள், வாசகர்கள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கினார்களாம். ஆனால் டிவி தொடரைக் கனடாவில் போய் எடுத்தார்கள். அதைச் சொன்னதும் பாட்டியம்மா முகம் சுருங்கிவிட்டது.

புத்தகத்தில் எனக்குச் சரியாகப் பிடிபடாத ஒன்று அங்கே புரிந்தது. கரையில் நின்றால் எதிரே கடற்படைக் கப்பல் பட்டறை. சாம்பல் நிறத்தில் மலை மாதிரி போர்க்கப்பல்கள். அந்த விவாகரத்து ஜோடியில் பையன் கடற்படைக்காரன். குழந்தை பிறந்து இறந்தபோது அவன் கடலில் இருந்தான். அந்த ஊர்ப் பெண்களுக்குக் காத்திருப்பது எழுத்தாளர் போட்ட அலங்காரம் இல்லை, எதிரில் தெரியும் வேலையின் நிபந்தனை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைகளில் நம்மை மாதிரித் தோல் நிறத்தில் ஆள் தேட வேண்டியிருக்கிறது. ஊரே அரவணைக்கிறது என்பார்கள், யாரை அரவணைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தையல்மிஷின்

எங்கள் அத்தைக்கு இருபத்தாறு வயதில் மாமா தவறிவிட்டார். ரெண்டு பிள்ளைகளோடு காரைக்குடிப் பக்கம் தாத்தா வீட்டுக்கு வந்து, தையல் தைத்தே ஆளாக்கினார். கல்யாண வீட்டில் பின்வரிசையில் உட்காரும் அத்தை. ஆங்கிலம் வராது, ஆனால் கதை என்றால் உயிர். நான் மேரிலாந்தில் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை போனில் ஏதாவது கதை சொல்லச் சொல்வார்.

நோரா ராபர்ட்ஸ் 2011, 2012இல் எழுதிய மூன்று நாவல்கள் பூன்ஸ்பரோ என்ற நிஜ ஊரில் நடக்கின்றன. நாலாயிரம் பேர்கூட இல்லாத ஊர், நான் இருக்கும் இடத்திலிருந்து கொஞ்ச தூரம்தான். அவர் அங்கே ஒரு பழங்காலக் கட்டடத்தை வாங்கிப் புதுப்பித்தார், 2008இல் தீப்பிடித்தது, மறுபடி கட்டி 2009இல் விடுதியாகத் திறந்தார். அறைகளுக்கெல்லாம் கதைக் காதலர்களின் பெயர், எலிசபெத்–டார்சி மாதிரி. சேர்ந்து வாழ்ந்த ஜோடிகளுக்கு மட்டும்தான் இடம், ரோமியோவுக்கு அறை கிடையாது. அந்த விடுதியைக் கட்டுவதைத்தான் நாவலாகவும் எழுதினார். முதல் கதையின் நாயகி கிளேர், ராணுவத்தில் கணவனை இழந்து, மூன்று ஆண்பிள்ளைகளோடு சொந்த ஊருக்குத் திரும்பிப் புத்தகக் கடை நடத்துகிறவள்.

இதை அத்தைக்குச் சொன்னேன். நடுவில் பேசவே இல்லை. கிளேரும் நாயகன் பெக்கெட்டும் நெருங்கும் இடம் வந்ததும் ஒரே கேள்வி: "அந்தப் பையனுக்கு அம்மா இல்லையாடி?"

"இருக்காங்க அத்தை. அவங்களும் புருஷன் போனவங்கதான். கிளேர்னா அவங்களுக்கு ரொம்பப் பிரியம்."

"ஊர்ல என்ன சொல்றாங்க?"

"எப்பக் கட்டிக்கப் போறீங்கன்னு கேக்குறாங்க."

கொஞ்சம் பொறுத்து அத்தை சொன்னார்: "நல்லா ஜோடிச்சுருக்கா." பிறகு, "அடுத்த வாரம் மீதியைச் சொல்லு."

புளியமரத்து ஸ்டாப், உங்கள் கேள்விக்கு எனக்குத் தோன்றும் பதில் இதுதான். அந்த ஊரும் வாய் ஓயாமல் பேசுகிறது, ஆனால் பேச்சு முழுக்க அவளைச் சேர்த்துவைக்கத்தான். நம் ஊர் பேசியது அத்தையைப் பின்வரிசையில் உட்கார வைக்க.

கறார் வாசகன்

ஆண் வாசகனும் உண்டு, ஆச்சரியப்படாதீர்கள். மேலே சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடு. மெல்லைப் பாருங்கள்: அவளிடம் கார் இருக்கிறது, படிப்பு இருக்கிறது, நாளைக்கே கிளம்ப முடியும். நேயோமியும் வெளியிலிருந்து வந்தவள். கிளம்ப முடிகிறவளைப் பற்றி ஊர் பேசினால் அது கலகலப்பு. கிளம்ப முடியாதவளைப் பற்றிப் பேசினால் அது கைவிலங்கு. இந்த நாவல்கள் முதல் வகையை மட்டும் எழுதுகின்றன, அதனால்தான் இனிக்கின்றன.

தையல்மிஷின்

கிளேருக்கு அது பொருந்தவில்லையே. அந்த ஊரிலேயே பிறந்தவள், மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே கிளம்புவாள்?

கறார் வாசகன்

சொந்தக் கடை இருக்கிறதே. யாரிடமும் கையேந்தவில்லை. உங்கள் அத்தைக்குத் தையல் மிஷின் இருந்தும் ஊர் அப்படி நடத்தியது என்றால் என் வாதம் இடிக்கிறதுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

நைட் டூட்டி

இவர்கள் சண்டை ஓயட்டும். 😄 நான் இருக்கும் ஊரில் எல்லோரும் என்னைப் பற்றிப் பேசுகிறார்கள், எனக்குத் தெரியும். ஃப்ளூ வந்து படுத்தபோது வாசலில் சூப்பும் ரொட்டியும் இருந்தன. எனக்கு உடம்பு முடியவில்லை என்று யார் சொன்னது என்று கேட்டால், வம்புதான் சொல்லியிருக்கிறது.

புளியமரத்து ஸ்டாப்

எல்லாவற்றையும் வாசித்தேன். தையல்மிஷின், அத்தைக்கு என் வணக்கம் சொல்லுங்கள். மீதிக் கதையில் விடுதியை நடத்தும் ஹோப் நாயகியாக வரும் மூன்றாவது பாகத்தையும் விடாதீர்கள், விடுதியில் சுற்றும் ஆவி அத்தைக்குப் பிடிக்கும்.

கோடை மழை 98

சீடர் கோவ் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். தலைப்பு எல்லாம் வெறும் வீட்டு விலாசமா இருக்கே, எது முதல்ல, எது அடுத்தது?

லெண்டிங் லைப்ரரி

வீட்டு எண்ணைப் பாரம்மா. முதல் புத்தகம் 16, ரெண்டாவது 204, மூணாவது 311, நாலாவது 44. முதல் இலக்கம்தான் வரிசை. பத்தாவது வந்ததும் முதல் ரெண்டு இலக்கத்தைப் பார்க்கணும்: 1022, அப்புறம் 1105. கிரேஸ் கதை தெரியணும்னா 204ஐ விட்டுவிடாதே.