நியூயார்க் டால்ஸ்: நீங்கள் எந்த வழியாக வந்து சேர்ந்தீர்கள்?

ஜெர்சி சிட்டியிலிருந்து

நியூயார்க் டால்ஸ் என்ற எழுபதுகளின் ராக் குழுவின் பாடகர் டேவிட் ஜொஹான்சன் 2025 பிப்ரவரி 28 அன்று காலமானார். வயது 75. குழுவின் முதல் ஆல்பத்தில் வாசித்த ஐந்து பேரில் கடைசியாக உயிரோடு இருந்தவர் அவர்தான். மறுநாள் சனிக்கிழமை காலையில் செய்தியைப் படித்ததும் வீட்டில் இருக்கவே பிடிக்கவில்லை. நியூயார்க் போகும் பாத் ரயிலில் ஏறி ஒன்பதாம் தெரு நிலையத்தில் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். அந்த நடையைத்தான் இங்கே எழுதுகிறேன். நீங்களும் உங்கள் கதையை எழுதுங்கள். அவர்கள் கொடிகட்டிப் பறந்த நாட்களில் நம்மில் யாரும் பக்கத்தில் இல்லை. ஆளுக்கொரு பின்வாசல் வழியாகத்தான் வந்திருப்போம்.

முதலில் மெர்சர் தெருவுக்குப் போனேன். பிராட்வே சென்ட்ரல் என்ற பழைய ஹோட்டல் கட்டடத்தின் பின்பகுதியில் மெர்சர் ஆர்ட்ஸ் சென்டர் இருந்தது. 1972 கோடையில் அங்கே ஆஸ்கர் வைல்ட் பெயர் கொண்ட ஒரு சின்ன அறையில் செவ்வாய்க்கிழமை தோறும் டால்ஸ் வாசித்தார்கள். நகரத்தின் ஓவியர்கள், நாடகக்காரர்கள், வேலையில்லாத இளைஞர்கள் எல்லாரும் அந்த அறையில்தான் கூடினார்கள். அவர்களுடைய முதல் ஆல்பம் 1973 ஜூலை 27 அன்று வந்தது. ஆகஸ்ட் 3 அன்று அந்த ஹோட்டல் இடிந்து விழுந்தது. நான்கு பேர் செத்துப்போனார்கள். அவர்களை வளர்த்துவிட்ட இடம், ஆல்பம் வந்து ஒரே வாரத்தில் மண்ணாகிவிட்டது. இன்று அங்கே பல்கலைக்கழக மாணவர் விடுதி இருக்கிறது. வாசலில் பத்து நிமிடம் நின்றேன். பெட்டியோடு உள்ளே போன ஒரு பையன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான், அவ்வளவுதான்.

அங்கிருந்து கிழக்கே நடந்தால் செயின்ட் மார்க்ஸ் பிளேஸும் இரண்டாவது அவென்யூவும் சந்திக்கும் முனை வரும். முதல் ஆல்பத்தின் பின்னட்டைப் படம் அங்கே இருந்த ஜெம் ஸ்பா என்ற பெட்டிக்கடை முன்னால் எடுத்தது. பத்திரிகை, சிகரெட், எக் க்ரீம் என்ற பால் சோடா பானம் விற்ற கடை. 2020-இல் மூடிவிட்டார்கள்.

மூன்றாவது, லெக்சிங்டன் அவென்யூ. இது எனக்கு ரொம்ப நெருக்கமான கதை. குழுவின் கிடார்காரர் சில்வெய்ன் சில்வெய்ன் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். எதிரே பொம்மை ஆஸ்பத்திரி. பொம்மைக்குக் கண் போனாலும் கை கழன்றாலும் சரிசெய்து கொடுக்கும் கடை. அந்தப் பெயர்ப் பலகையிலிருந்துதான் குழுவின் பெயர் வந்தது. சில்வெய்ன் கெய்ரோவில் பிறந்த யூதர். குடும்பம் எகிப்தை விட்டுக் கிளம்பி, பிரான்ஸ் வழியாக அமெரிக்கா வந்தது. முதல் டிரம்மர் பில்லி மூர்சியா கொலம்பியாவின் பொகோட்டாவில் பிறந்தவர். இரண்டு பேரும் குவீன்ஸில் ஒன்றாக வளர்ந்து, ஸ்வெட்டர் பின்னி விற்கும் தொழில்கூட நடத்தினார்கள். நியூயார்க் என்ற பெயரை நெற்றியில் ஒட்டிக்கொண்ட குழுவை ஆரம்பித்ததில் பாதி, வெளியிலிருந்து வந்த குழந்தைகள். இந்த ஊருக்கு 24 வயதில் இரண்டு பெட்டியோடு வந்தவன் நான். அதைப் படித்த அன்று என் சொந்தக்காரர்களைப் பற்றிப் படித்த மாதிரி இருந்தது.

பில்லி அந்த ஆல்பத்தைப் பார்க்கவில்லை. 1972 அக்டோபரில் லண்டன் போனார்கள். கையில் ஒரு இசைத்தட்டுகூட இல்லாத குழு, வெம்ப்ளியில் ஃபேசஸ் குழுவுக்கு முன்னால் வாசித்தது. நவம்பர் 6 அன்று ஒரு விருந்தில் மாத்திரை போட்டு மயங்கிய பில்லியை, யாரோ எழுப்புவதாக நினைத்துக் குளியல் தொட்டியில் போட்டார்கள். மூச்சுத் திணறி இறந்துபோனார். 21 வயது. அவர் இடத்துக்கு ஜெர்ரி நோலன் வந்தார். நோலன் பிரமாதமான டிரம்மர், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஆல்பத்தைப் போடும் ஒவ்வொரு முறையும் பில்லியை நினைத்துக்கொள்வேன்.

மதுரையிலிருந்து

அண்ணா, நான் தையல் தொழில் செய்பவள். பாட்டுக்கு முன்னால் அவர்களுடைய படம்தான் எனக்குக் கிடைத்தது. தம்பி போனில் முதல் ஆல்பத்தின் அட்டையைக் காட்டினான். ஒரு சோபாவில் ஐந்து ஆண்கள். தூக்கிக் கட்டிய முடி, உதட்டுச்சாயம், உயரக் குதிகால். கருப்பு வெள்ளைப் படத்தில் பெயர் மட்டும் இளஞ்சிவப்பில், உதட்டுச்சாயத்தால் எழுதியது போல. அவன் நான் முகம் சுளிப்பேன் என்று எதிர்பார்த்தான்.

எங்கள் தாத்தா சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் ஸ்திரீபார்ட் போட்டவர். சேலை கட்டி மேடை ஏறினால், அவர் ஆண் என்று கடைசி வரிசைக்குத் தெரியக்கூடாது. அதுதான் அவர் தொழில் மரியாதை. இந்த ஐந்து பேரும் அதை முயற்சிக்கவே இல்லை. மார்பு முடி தெரிகிறது, கை நரம்பு தெரிகிறது. பெண்ணாக நடிக்கவில்லை, பிடித்ததைப் போட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் லண்டனில் பளபள உடையில் பாடிய கிளாம் ராக் பாடகர்களுக்குப் பெரிய உடையலங்காரக் கலைஞர்கள் தைத்துக் கொடுத்தார்கள். டால்ஸ் பழைய துணிக்கடைகளில் பொறுக்கி, தாங்களே கத்தரித்துத் தைத்துக்கொண்டார்கள். சில்வெய்னும் பில்லியும் நூல் தொழில் தெரிந்தவர்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அளவெடுத்துத் தைத்த உடையில் அந்தத் துணிச்சல் வராது.

அப்புறம்தான் பாட்டு கேட்டேன். துணியைப் போலவே, கையில் கிடைத்ததைச் சேர்த்துத் தைத்த பாட்டு.

சென்னை, பெரம்பூரிலிருந்து

நான் ஒரு கிடார் வழியாக வந்தேன். லண்டன் பங்க் குழு செக்ஸ் பிஸ்டல்ஸின் ஆல்பத்தைக் கேட்டுப் பைத்தியமாகி, அதில் ஸ்டீவ் ஜோன்ஸ் வாசித்த வெள்ளை லெஸ் பால் கஸ்டம் கிடார் பற்றித் தேடிக்கொண்டிருந்தேன். அது முதலில் சில்வெய்னுடையது என்று தெரிந்தது. அது எப்படி லண்டன் போனது என்று பார்த்தால், டால்ஸின் கடைசிக் காலம் முழுவதும் அதற்குள் இருக்கிறது.

முதல் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 116-ஆம் இடத்தைத் தாண்டவில்லை. 1974-இல் வந்த இரண்டாவதைத் தயாரித்தவர், ஷாங்ரி-லாஸ் பாடல்களை உருவாக்கிய ஷேடோ மார்ட்டன். டால்ஸ் அந்தப் பெண்கள் குழுவை உயிராக நேசித்தவர்கள். அந்த இரண்டாவது ஆல்பம் 167-இல் நின்றது. கிரீம் என்ற ராக் இசைப் பத்திரிகையின் வாசகர்கள் 1973-இன் சிறந்த புதிய குழுவாகவும் மிக மோசமான புதிய குழுவாகவும் இவர்களையே தேர்ந்தெடுத்தார்கள். இசைத்தட்டு கம்பெனி கைவிட்ட நேரத்தில், 1975-இல் லண்டனிலிருந்து துணிக்கடைக்காரர் மால்கம் மெக்லாரன் வந்தார். எல்லாருக்கும் சிவப்புத் தோல் உடை போட்டு, பின்னால் அரிவாள் சுத்தியல் கொடியைத் தொங்கவிட்டார். அமெரிக்காவில், அந்த வருடத்தில்! வந்துகொண்டிருந்த கொஞ்சம் கூட்டமும் போனது. ஃபுளோரிடாவில் சுற்றிக்கொண்டிருந்தபோது இன்னொரு கிடார்காரர் ஜானி தண்டர்ஸும் நோலனும் கிளம்பி நியூயார்க் திரும்பிவிட்டார்கள். மெக்லாரன் சில்வெய்னின் கிடாரோடு ஊர் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் உருவாக்கிக்கொண்டிருந்த செக்ஸ் பிஸ்டல்ஸில் சில்வெய்னும் பின்னால் வந்து சேர்ந்துகொள்வார் என்று பேச்சு. சில்வெய்ன் போகவில்லை, கிடார் மட்டும் போனது.

வாசிப்பைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் கல்லூரியில் ஒரு சீனியர் இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, சுருதி சேராத குப்பை என்று எல்லார் முன்னாலும் அணைத்துவிட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இன்றைக்குப் பதில் சொல்கிறேன். 'பெர்சனாலிட்டி க்ரைசிஸ்' பாட்டை இடது காதில் ஒரு தடவை, வலது காதில் ஒரு தடவை கேளுங்கள். சில்வெய்ன் சக் பெர்ரி பாணியில் தாளத்தைப் பிடித்துக்கொண்டே இருப்பார், பியானோவும் அவர்தான். அதன் மேல் தண்டர்ஸ் கம்பியை இழுத்து, சுருதியைத் தொட்டும் தொடாமலும் வழுக்கிக்கொண்டு போவார். அந்தத் தொடாத இடத்தில்தான் உயிர். பத்து வருடமாக முயற்சி செய்கிறேன், விரல் சரியான சுரத்தில் போய் நின்றுவிடுகிறது. நடுவில் எல்லாம் சட்டென்று நின்று திரும்பவும் பிடிக்கும் இடத்தை, ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் செய்யவே முடியாது. ஆல்பத்தைத் தயாரித்த டாட் ரண்ட்கிரன் அவசரமாக ஒலிக்கலவை செய்துவிட்டார் என்று குழுவுக்கே வருத்தம் உண்டு. இருந்தாலும் அந்த நெரிசல் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்னொன்று. தண்டர்ஸ் 1991-இல் நியூ ஆர்லியன்ஸில் இறந்தார், 38 வயது. நோலன் அடுத்த ஜனவரியில். ஹெராயின் இரண்டு பேரின் வாழ்க்கையையும் தின்றது. தண்டர்ஸ் மாதிரி வாசிக்க ஆசைப்பட்ட பலர் அவர் மாதிரி வாழவும் ஆசைப்பட்டார்கள். அந்தப் பழக்கத்துக்கும் அந்த வாசிப்புக்கும் சம்பந்தம் இல்லை. 1973-இல் அவருக்கு 21 வயது, அப்போதே எல்லாம் விரலில் இருந்தது.

கோவையிலிருந்து

சின்ன விஷயம்தான். 1988-இல் வந்த 'ஸ்க்ரூஜ்டு' படத்தில் டாக்சி ஓட்டிக்கொண்டு வரும் ஆவி நினைவிருக்கிறதா? அது ஜொஹான்சன். அப்போது அவர் பஸ்டர் பாயின்டெக்ஸ்டர் என்ற பெயரில் கோட் சூட் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். மான்செராட் தீவின் ஆரோ பாடிய 'ஹாட் ஹாட் ஹாட்' பாட்டை அவர் திரும்பப் பாடியதுதான் அமெரிக்கக் கல்யாண வீடுகளில் ஓடியது. டால்ஸுக்குக் கிடைக்காத வெற்றி அந்த ஒரு பாட்டுக்குக் கிடைத்தது. நான் டாக்சிக்காரரைப் பிடித்துக்கொண்டே டால்ஸுக்கு வந்தேன்.

லண்டனிலிருந்து

உங்கள் எல்லோருக்கும் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது. நான் அவர்களை நேரில் பார்த்தேன். 2004 ஜூன் 18, வெள்ளிக்கிழமை, ரோயல் பெஸ்டிவல் ஹோல். அந்த வருடம் மெல்ட்டவுன் இசை விழாவுக்குப் பொறுப்பாக இருந்தவர் த ஸ்மித்ஸ் குழுவின் பழைய பாடகர் மொரிசி. 1973-இல் டால்ஸ் பிபிசியில் வாசித்தபோது அறிவிப்பாளர் அவர்களைப் போலி ரொக் என்று நக்கலடித்தார். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த மன்செஸ்டர் பெடியன் மொரிசி அவர்களுக்கு இங்கே ரசிகர் மன்றமே நடத்தினவர். முப்பது வருடம் கழித்து அவர்தான் மிஞ்சிய மூன்று பேரையும் ஒன்றாகக் கூப்பிட்டார்.

என்னோடு வேலை செய்த ஒருவர் மேலதிகமாக ஒரு ரிக்கெற் இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போனார். எனக்கு அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஜொஹான்சனும் சில்வெய்னும் மேடையெல்லாம் ஓடித் திரிந்தார்கள். நான் பார்த்துக்கொண்டிருந்தது பேஸ் வாசித்த உயரமான மனிதரை. ஆர்தர் கேன். பெரிதாக அசையவே இல்லை. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சந்தோசம், சின்னப் பிள்ளைக்குத் தொலைந்த பொருள் திரும்பக் கிடைத்தது மாதிரி. அந்த முகம்தான் என்னை இந்தக் குழுவிடம் கொண்டுவந்தது.

நாலு கிழமைகூட ஆகவில்லை. ஜூலை 13 அன்று அவர் லொஸ் ஏஞ்சலிஸில் செத்துப்போனார் என்று பேப்பரில் கிடந்தது. இரத்தப் புற்றுநோய். காய்ச்சல் என்று நினைத்து மருத்துவமனைக்குப் போனவர்.

அடுத்த வருடம் 'நியூயோர்க் டோல்' என்ற ஆவணப்படம் வந்தது. அதில்தான் எல்லாம் விளங்கியது. குழு உடைந்தபிறகு குடியில் விழுந்து, பிறகு மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, சபையின் குடும்ப வரலாற்று நூலகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். பஸ்ஸில் போய் வந்தார். அடகு வைத்த பேஸ் கிடாரைச் சபையினர் காசு சேர்த்து மீட்டுக் கொடுத்தார்கள். மேடை ஏறுவதற்கு முன் எல்லோரையும் கூட்டி நின்று செபம் செய்தார். அந்தக் கதவுக்கு வெளியே ஏதோ ஓர் இருக்கையில்தான் நான் இருந்திருக்கிறேன். படம் முடியும்போது ஆர்தரின் சபைப் பாடல் ஒன்றை ஜொஹான்சன் பாடுவார். அதை நான் இரண்டாவது தடவை கேட்கவில்லை. ஏலாது.

ஜெர்சி சிட்டியிலிருந்து

லண்டன் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு நேற்று இரவு அந்தப் படத்தைத் திரும்பப் போட்டேன். என் மனைவியும் உட்கார்ந்து பார்த்தாள், முதல் தடவையாக.

எந்த ஆல்பத்தில் தொடங்குவது என்று தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 1973 ஆல்பத்தில் தொடங்குங்கள், வரிசையை மாற்றாமல். மூன்றாவது பாட்டு வரைக்கும் சத்தமாகவே இருக்கும். நாலாவது 'லோன்லி பிளானட் பாய்' வரும்போது சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள், அது தானாகவே மெதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு 2006-இல் ஜொஹான்சனும் சில்வெய்னும் சேர்ந்து போட்டது. இரண்டாவது ஆல்பத்தை அப்புறம் கேட்கலாம், அதற்குள் அவர்களை உங்களுக்குப் பிடித்துப் போயிருக்கும்.