தாமிரபரணி வெள்ளக் கறை உங்கள் சுவரில் இன்னும் இருக்கிறதா?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, ஒரு உதவி வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற கறை வீட்டுச் சுவரில் இன்னும் இருந்தால், தரையிலிருந்து எத்தனை அடி என்று டேப் வைத்து அளந்து படத்தோடு இங்கே போடுங்கள். ஏரல், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, ஆத்தூர் பக்கம் எங்கே இருந்தாலும் சரி. தெருப்பெயர் மட்டும் போதும். வெள்ளையடிக்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதற்கு முன்னால் அளந்துவிடுங்கள்.

அன்று காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஆற்றுத் தண்ணீரோடு, உடைந்த குளங்களின் தண்ணீரும் சேர்ந்து ஊருக்குள் வந்தது. வெப்பம் 1 டிகிரி கூடினால் காற்று ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைச் சுமக்கும். அதனால் இப்படியொரு மழை மறுபடி வராது என்று நம்பி இருக்க எனக்கு மனம் வரவில்லை. எந்தத் தெரு முதலில் மூழ்கும், வயதானவர்களை எந்த மாடிக்கு ஏற்றலாம் என்று ஒரு வரைபடம் நம் கையில் இருக்க வேண்டும்.

1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அப்போது தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த நினைவு வேறெங்கும் கிடைக்காது. கணினியில் வரைபடம் போடத் தெரிந்த பிள்ளைகளும் வேண்டும். ஐப்பசி பிறப்பதற்குள் முடித்து, அந்தந்த ஊராட்சி, பேரூராட்சி அலுவலகத்தில் கொடுத்துவிடலாம்.