67 மஸ்டாங்குக்கு இன்னும் கொஞ்சம் பவர் வேண்டும், எங்கே தொடங்கலாம்?

நண்பர்களே, என்னிடம் 1967 ஃபோர்டு மஸ்டாங் இருக்கிறது. 289 கன அங்குல வி8 எஞ்சின், இரண்டு பேரல் (காற்றுவழி) கார்புரேட்டர், சி4 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். புதிதில் இதற்கு ஃபோர்டு சொன்ன கணக்கு 200 குதிரைத்திறன். நான்கு பேரல் வைத்த அதே 289-க்கு 225. ஊருக்குள் ஓட்ட அருமையான வண்டி. ஆனால் நெடுஞ்சாலையில் ஏறும்போது அழுத்தி மிதித்தால் 4000 ஆர்பிஎம்முக்கு மேல் மூச்சு முட்டுகிறது.

வண்டியோடு வந்த எஞ்சின் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் அடிப்பாகம்) மாற்ற மனசே வரவில்லை. அதனால் நான்கு பேரல் மேனிஃபோல்டும் (கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்று போகும் குழாய்) 600 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு 600 கன அடி காற்று) கார்புரேட்டரும் போடலாம் என்றிருக்கிறேன். பழைய இரும்பு சிலிண்டர் ஹெட்டில் (பிளாக்கின் மேல் மூடி) வால்வுகள் சின்னவை. அதை அப்படியே விட்டால் கார்புரேட்டர் மாற்றியும் பெரிய பலன் இருக்காது என்று தோன்றுகிறது. அலுமினிய ஹெட்டும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் சேர்த்தே மாற்றிவிடலாமா? கேம் பெரிதானால் ஐடிலில் வேக்கம் (எஞ்சினின் உறிஞ்சு விசை) குறையும், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரையும் மாற்ற வேண்டிவரும். அதுதான் யோசனை.

அப்புறம், முன்னால் இன்னும் டிரம் பிரேக்தான். டிஸ்க் போட்ட பிறகே எஞ்சினைத் தொடுவேன், அதில் மாற்றமில்லை.

289-இல் இந்த வேலை செய்தவர்கள், எந்த கேம், எவ்வளவு ஸ்டால் (வண்டி நகராமல் பிடித்திருக்கும்போது எஞ்சின் எட்டும் ஆர்பிஎம்) உள்ள கன்வர்ட்டர் சரியாக வந்தது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.