கிளப்பும்போது மட்டும் கேட்கும் சத்தம்: ஏற்காட்டுக் குளிரில் கண்டவை

ஏற்காட்டில் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. இரவெல்லாம் பனியில் நின்ற வண்டியை விடியற்காலையில் கிளப்பும்போது எழும் சத்தத்தை, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்ட முடிவதில்லை. அங்கே போய்ச் சேர்வதற்குள் எஞ்சின் சூடாகி, பேட்டரியிலும் சார்ஜ் ஏறி, சத்தம் இருந்த சுவடே இருக்காது. மெக்கானிக் கிளப்பிப் பார்த்துவிட்டு வண்டி நன்றாகத்தான் இருக்கிறது என்று சொன்னால், அது அவர் குற்றமன்று. ஆகவே, சத்தம் எந்தக் கணத்தில் வருகிறது என்பதை மேலேயே, வண்டி வைத்திருப்பவர்தாம் கவனித்தாக வேண்டும். சாவியைத் திருப்பும்போதா, எஞ்சின் சுற்றும்போதா, பிடித்துக்கொண்ட பிறகா என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு மார்கழிக் காலையில் என் சித்தப்பாவின் பெட்ரோல் கார் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருப்பினால் ‘டக் டக் டக்’ என்று விடாமல் தட்டும் சத்தம் மட்டும் வந்தது. உள் விளக்கும் மங்கியது. பேட்டரி போய்விட்டது என்றுதான் சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். மல்டிமீட்டரை பேட்டரியின் ஈயக் குமிழ்களில் வைத்துப் பார்த்தபோது 12.5 வோல்ட் காட்டியது. சாவியைத் திருப்பும்போதும் அது 12 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பேட்டரி உண்மையிலேயே பலவீனமாக இருந்திருந்தால், சாவியைத் திருப்பியதும் அந்த அளவு 9.6 வோல்ட்டுக்கும் கீழே சரிந்திருக்கும். அடுத்து ஒரு முனையை நேர்முனைக் குமிழிலும் மறுமுனையை அதைச் சுற்றிப் பிடித்திருக்கும் கேபிள் கிளாம்பிலும் வைத்து, சித்தப்பாவைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் அந்த இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒன்றுமே காட்டக் கூடாது. ஆனால் 3 வோல்ட்டுக்கும் மேல் காட்டியது. கிளாம்பின் உட்புறத்தில் பூத்திருந்த வெண்பச்சைப் படிவம் மின்சாரத்தைத் தடுத்துக்கொண்டிருந்தது. எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைக்கும் காந்தச் சுவிட்சான சாலினாய்டு இழுக்கிறது, மோட்டார் மின்சாரம் கேட்டவுடன் வோல்டேஜ் விழுகிறது, சாலினாய்டு விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. அந்த இழுபறிதான் ‘டக் டக்’ என்று கேட்டது. எதிர்முனையை முதலில் கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் படிவத்தைக் கழுவி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உலரவிட்டு, எதிர்முனையைக் கடைசியாக மாட்டி இறுக்கினோம். வண்டி உடனே கிளம்பியது. புதிய பேட்டரி வாங்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை.

பேட்டரியே காரணமாக இருந்த வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றில் பல சேலத்திலிருந்து வார இறுதியில் ஏறி வந்தவை. இதற்கு நல்ல காரணம் இருக்கிறது. பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது வெயில். குறைந்த ஆயுளை வெளியே காட்டுவது குளிர். சேலத்துக் கோடையில் உள்ளே அரிக்கப்பட்ட பேட்டரி, சமவெளியின் இதமான காலைகளில் எப்படியோ வண்டியைக் கிளப்பிவிடுகிறது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஓர் இரவு தங்கியதும் நிலைமை மாறுகிறது. குளிரில் பேட்டரி தரும் மின்சாரம் குறைகிறது. அதே குளிரில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, மோட்டாருக்கு இன்னும் கூடுதல் மின்சாரம் தேவைப்படுகிறது. மலைக்கு வரும் முன்பே பேட்டரியைச் சோதித்துக்கொள்ளுமாறு விருந்தினர்களிடம் நான் வற்புறுத்திச் சொல்வது இதனால்தான்.

சேலம் அஸ்தம்பட்டியில் வாடகைக் கார் ஓட்டும் நண்பர் ஒருவரின் வண்டியில் கேட்டது வேறு வகை. சில நாள் ஒழுங்காகக் கிளம்பும். சில நாள் ‘கர்ர்ர்’ என்று இரும்பை இரும்பு அரைக்கும் சத்தம். அவ்வாறு அரைக்கும் நாளில், சாவியை எடுத்துவிட்டு, கியரில் போட்டு வண்டியைச் சற்றே தள்ளி, பிறகு நியூட்ரலுக்குக் கொண்டுவந்து கிளப்பினால் சத்தமின்றி எடுத்தது. நான்கு சிலிண்டர் எஞ்சின் அணையும்போது பெரும்பாலும் குறிப்பிட்ட ஓரிரு நிலைகளில்தான் நிற்கும். ஆகவே எஞ்சினோடு சுழலும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள, ஸ்டார்ட்டர் மோட்டார் கவ்விச் சுற்றும் பல்வளையத்தில் அந்த இடத்துப் பற்களே திரும்பத் திரும்ப அடிபட்டுத் தேய்கின்றன. ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி, அந்தத் துவாரத்தின் வழியே விளக்கடித்து எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்த்தபோது, தேய்ந்த பற்கள் நன்றாகத் தெரிந்தன. கியர்பாக்ஸை இறக்கி வளையத்தை மாற்றும் பெரிய வேலை அது. மோட்டார் மட்டும் ‘விர்ர்’ என்று வெறுமனே சுழன்று எஞ்சின் அசையாமல் நின்றால் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலும் பல்வளையத்தைக் கவ்வும் சிறு பற்சக்கர அமைப்பான, மோட்டாரின் முன்பக்கத்து ‘பெண்டிக்ஸ்’ வழுக்குகிறது என்றே பொருள்.

எஞ்சின் பிடித்துக்கொண்ட பிறகு ‘கீச்’சென்று கத்துவது பெல்ட். மூடுபனியில் நனைந்த பெல்ட் சில வினாடிகளில் அடங்கிவிடும். தொடர்ந்து கத்தினால் பெல்ட்டின் மீது சிறிது தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. அடங்கிப் பின்பு திரும்பி வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்களான புல்லிகள் நேர்க்கோட்டில் இல்லை.

என்னை மிகவும் கவலைப்படுத்தியது, சரிவில் நிறுத்தும் என் சொந்த வண்டியில் கிளப்பிய உடனே ஓரிரு வினாடி மட்டும் கேட்ட ‘கடகட’ ஓசை. பகலில் எத்தனை முறை அணைத்துக் கிளப்பினாலும் அது வரவில்லை. இரவு முழுதும் நின்ற பின்பு மட்டும் வந்ததால், ஆயில் மேலே ஏறத் தாமதமாகிறது என்று எண்ணினேன். சமதரையில் ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. ஆயில் ஃபில்டருக்குள், ஆயில் திரும்ப வடிந்துவிடாமல் தடுக்கும் ஒரு ரப்பர் வால்வு உண்டு. முந்தைய சர்வீஸில் போட்ட விலை குறைந்த ஃபில்டரில் அது விறைத்துப்போயிருந்தது. தரமான ஃபில்டரை மாற்றியதும் ஓசை நின்றது. அப்படி நிற்காமல் இருந்திருந்தால் எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினைத் தளராமல் இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரைத்தான் அடுத்துப் பார்த்திருப்பேன். ஓசையோடு சிவப்பு ஆயில் விளக்கும் அணையாமல் எரிந்தால் எதையும் ஆராயாமல் உடனே எஞ்சினை அணைத்துவிட வேண்டும்.

சாவியைப் போட்டதும் பின்சீட்டுப் பக்கம் இரண்டு வினாடி கேட்கும் மெல்லிய ரீங்காரம் எரிபொருள் பம்பு. அது கோளாறு அன்று. மற்றவற்றை மெக்கானிக்கிடம் சொல்வதற்கு, பானட்டைத் திறந்து ஒருவர் கைப்பேசியில் பதிவுசெய்ய, மற்றொருவர் கிளப்புவது நல்லது. முடிந்தால் வண்டியை முந்திய மாலையே பட்டறையில் விட்டு, மறுநாள் காலை முதல் கிளப்பலை அவரையே செய்யச் சொல்லலாம். பழைய டீசல் ஜீப்புகளில் இத்தகைய குளிர்காலச் சத்தங்களைக் கேட்டுச் சரிசெய்தவர்கள் இருந்தால், சத்தம் வந்த கணத்தையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.